கேமரா கேளுங்கள்: ஆடுகளத்துக்கு ஒரு பழைய கேமரா

சேலம் பக்கத்திலிருந்து இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாமே ஒரே திசையில் நிற்கின்றன: கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தில் விளையாட்டுப் படம் எடுக்க வேண்டும், பழைய கேமராவை நம்பலாமா? ஒரே இடத்தில் சேர்த்துப் பதில் சொல்லிவிடுகிறோம்.

உடற்கல்வி ஆசிரியர், ஓமலூர்: பள்ளி அணியின் கபடி, வாலிபால், ஓட்டப் பந்தயம் எல்லாம் எடுக்க வேண்டும். 40,000 ரூபாய் வரை போகலாம். கடையில் இரண்டு லென்ஸோடு வரும் ஆரம்பநிலை கேமராவைப் புதிதாகவே வாங்கச் சொல்கிறார்கள். எது சரி?

பதில்: பழையதை வாங்குங்கள். ஆரம்பநிலை கேமரா நின்று சிரிக்கிற முகத்துக்குப் போதும், ஓடி வருகிற பையனுக்குப் போதாது. கேனன் 1300டியை எடுத்துக்கொள்ளுங்கள். 2016இல் வந்தது. நொடிக்கு 3 படம். ஃபோகஸ் புள்ளி 9, அதில் நடுவில் இருக்கும் ஒன்று மட்டும்தான் கிராஸ் டைப், அதாவது நெட்டுக் கோடு, படுக்கைக் கோடு இரண்டையும் பிடிக்கக்கூடியது. அதற்கு ஏழு வருடம் மூத்த 7டி நொடிக்கு 8 படம் எடுக்கும், அதன் 19 புள்ளிகளும் கிராஸ் டைப். வாலிபாலில் ஸ்மாஷ் அடிக்கிற கை பந்தைத் தொடும் படம் மூன்றில் சிக்குமா, எட்டில் சிக்குமா என்று நீங்களே சொல்லுங்கள். மெகாபிக்சலைப் பார்க்கவே வேண்டாம். பள்ளி ஆண்டு மலருக்கும் பத்திரிகைக்கும் 16 மெகாபிக்சலே மிச்சம்.

இனி எந்த மாடல் என்று பார்ப்போம். பகல் வெளிச்சத்தில் மட்டும் எடுப்பதாக இருந்தால் 7டி இன்றும் வேலை செய்யும். காந்தி ஸ்டேடியத்தில் நல்ல வெயிலில் லென்ஸ் திறப்பை எஃப்5.6 வைத்தால் (எஃப் எண் சிறிதாகச் சிறிதாகத் திறப்பு பெரிது) ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ 200லேயே 1/1600 நொடி ஷட்டர் வேகம் கிடைத்துவிடும், அந்த வெளிச்சத்தில் படத்தைப் பதிகிற எந்த சென்சாரும் நல்ல பெயர் வாங்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் 7டியின் வயது தெரியும். ஐஎஸ்ஓ 1600ஐத் தாண்டியதும் நிழல் பகுதியில் மணல் கொட்டியதுபோல் புள்ளி புள்ளியாக வரும். இரவு ஆட்டமும் உண்டு என்றால் நிக்கான் டி7200 அல்லது கேனன் 80டி தேடுங்கள். இரண்டில் இரவு வேலைக்கு டி7200ன் சென்சாருக்கே எங்கள் ஓட்டு. நொடிக்கு 6 படம்தான், ஆனால் இருட்டுப் பகுதியைப் பிறகு கணினியில் தூக்கினாலும் தாங்கும்.

டி7100 விலை குறைவாகக் கண்ணில் படும். சென்சார் நல்லது, ஃபோகஸும் நல்லது. எடுத்த படங்களைக் கார்டுக்குப் போகும்வரை தேக்கி வைக்கும் பஃபர்தான் சிறியது. ரா கோப்பாக (கேமரா சுருக்காமல், திருத்தாமல் தரும் பெரிய கோப்பு) வைத்து அழுத்தினால் ஆறேழு படத்தில், அதாவது ஒரு நொடி சொச்சத்தில், மூச்சு வாங்க நின்றுவிடும். ஜேபெக் மட்டும் எடுப்பவர் தாராளமாக வாங்கலாம்.

பணத்தைப் பிரிப்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 40,000இல் 35,000ஐ பாடிக்குக் (லென்ஸ் இல்லாத கேமரா) கொட்டிவிட்டு மிச்சத்துக்கு ஒரு கிட் லென்ஸ் (கேமராவோடு சேர்த்துத் தரும் சாதாரண லென்ஸ்) வாங்கினால், கேமரா பெட்டியில் வைத்து அழகு பார்க்கத்தான். பாதிக்குப் பாதி வையுங்கள். கேனன் என்றால் 55-250 மில்லிமீட்டர் எஸ்டிஎம். எஸ்டிஎம் என்பது உள்ளே இருக்கும் ஃபோகஸ் மோட்டாரின் வகை. பிளாஸ்டிக் உடம்புதான், ஆனால் ஃபோகஸ் வேகமும் துல்லியமும் அதன் விலைக்கு மீறியவை. பெயரில் எஸ்டிஎம் இல்லாத பழைய 55-250 வேறு லென்ஸ், மெதுவானது, மாறிப் போய்விடாதீர்கள். நிக்கானில் 7000 வரிசைக்கு ஒரு வசதி உண்டு: பாடிக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருக்கிறது. அதனால் 85 எஃப்1.8 டி, 80-200 எஃப்2.8 டி போன்ற பழைய லென்ஸ்களும் அதில் தானாக ஃபோகஸ் செய்யும். 3000, 5000 வரிசை பாடிகளில் அதே லென்ஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். எதிர்ப்பக்கமும் ஒரு எச்சரிக்கை: டி7000, டி300 இரண்டிலும் ஏஎஃப்-பி வகைப் புது லென்ஸ்கள் ஃபோகஸே செய்யாது.

திருமண வீடியோ உதவியாளர், ஆத்தூர்: எங்கள் ஊரில் திருவிழாக் கபடி ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கும். கேனன் 70டியும் 55-250 லென்ஸும் வைத்திருக்கிறேன். படம் எல்லாம் கலங்கல். போதாக்குறைக்கு ஒரு படம் மஞ்சள், அடுத்தது பச்சை, அதற்கடுத்தது இருட்டு. கேமரா கெட்டுவிட்டதா?

பதில்: கேமரா நன்றாக இருக்கிறது. இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் ஒன்றாகச் சேர்ந்து வந்திருக்கின்றன.

முதலில் கலங்கல். கபடிக்கு ஷட்டர் வேகம் 1/500க்குக் கீழே இறங்கக் கூடாது, ரைடர் பாய்ந்து போனஸ் கோட்டைத் தொடும் நேரத்தில் 1/800 வேண்டும். உங்கள் லென்ஸ் நீள முனையில் எஃப்5.6க்கு மேல் திறக்காது. ஊர்த் திடலில் எஃப்2.8ல் 1/800க்கு ஐஎஸ்ஓ 3200 தேவைப்படும் வெளிச்சம் என்று வைத்துக்கொண்டால், அதே இடத்தில் எஃப்5.6க்கு 12,800 வேண்டும். எஃப்1.8 லென்ஸுக்கு 1600கூட வேண்டியதில்லை. லென்ஸில் இருக்கும் ஐஎஸ் என்ற நடுக்கத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், ஆட்டக்காரனை நிறுத்தாது.

ஆகவே பாடியை மாற்றாமல் ஒரு பழைய கேனன் 85 எஃப்1.8 யுஎஸ்எம் வாங்குங்கள். ஆண்கள் கபடித் தரை 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். நடுக்கோட்டிலிருந்து கடைசிக் கோடு ஆறரை மீட்டர். கடைசிக் கோட்டுக்குப் பின்னால், மூலையில், தரையோடு தரையாக உட்கார்ந்தால் ரைடரின் முகம் நேராக உங்களைப் பார்க்கும். 7 மீட்டர் தூரத்தில் 85 லென்ஸ் உங்கள் கேமராவில் காட்டும் நீளம் ஏறத்தாழ 1.8 மீட்டர். கேமராவை நிமிர்த்திப் பிடித்தால் குனிந்து வரும் ஓர் ஆள் முழுதாக அடங்குவான். நாலு பேர் சேர்ந்து அமுக்கும் காட்சிக்கு 50 எஃப்1.8 சரி, அதே தூரத்தில் 3 மீட்டர் அகலம் வரும். 50ன் ஃபோகஸ் 85 அளவுக்கு வேகம் கிடையாது, விலை மிகக் குறைவு. பிடியிலிருந்து திமிறிக்கொண்டு நடுக்கோட்டை விரலால் தொடும் காட்சி வேண்டுமா? அதற்கு மட்டும் எழுந்து பக்கவாட்டில், நடுக்கோட்டுக்கு நேராக வந்துவிடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம், ரைடரின் கண் கூசும், நடுவரும் சும்மா இருக்கமாட்டார்.

எக்ஸ்போஷரை, அதாவது ஷட்டர், எஃப், ஐஎஸ்ஓ மூன்றையும், மேனுவலில் பூட்டிவிடுங்கள். பின்னால் கறுத்த வானத்தைப் பார்த்துக் கேமராவின் ஒளிமீட்டர் ஏமாந்து ஷட்டரை மெதுவாக்கும், அல்லது ஆட்டக்காரர்களை வெளுக்கவைக்கும். நகரும் ஆளை விடாமல் தொடரும் ஏஐ சர்வோ ஃபோகஸில் நடுப்புள்ளியை மட்டும் வைத்து ரைடரின் மார்பில் ஒட்டவையுங்கள். 19 புள்ளியையும் திறந்துவிட்டால் ஃபோகஸ் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டி நிற்கும் கூட்டத்துக்கு ஓடிவிடும்.

அடுத்தது நிறம் மாறுவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது, 1/800 திறக்கும் ஷட்டருக்குத் தெரியும். ஏற்றத்தில் திறந்தால் வெளிச்சம், இறக்கத்தில் திறந்தால் இருட்டும் வேறு நிறமும். ஷட்டர் திரை சட்டத்தைக் கடக்கும் நேரத்துக்குள்ளேயே விளக்கு மாறிவிடுவதால் ஒரே படத்தில் மேல்பாதி ஒரு நிறம், கீழ்ப்பாதி வேறு நிறமாகவும் வரும். மெட்டல் ஹாலைடு, டியூப் லைட், மட்டமான டிரைவர் போட்ட எல்இடி எல்லாம் இப்படித்தான். சிங்கிள் பேஸ் ஜெனரேட்டரில் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் துடிக்கும், அதனால்தான் ஊர்த் திடலில் இது மோசமாகத் தெரிகிறது. விளக்குகளை மூன்று பேஸுக்கும் பிரித்துக் கொடுத்திருந்தால் ஒன்று இறங்கும்போது மற்றொன்று ஏறிச் சமாளிக்கும். மைக் செட், லைட் செட் போடுகிறவர் தெரிந்தவர் என்றால் கேட்டுப் பாருங்கள், சிலர் மாற்றித் தருவார்கள்.

கேமராவிலேயே தீர்வு வேண்டும் என்றால் ஃப்ளிக்கர் என்னும் இந்த விளக்குத் துடிப்பைக் கணித்து ஏற்றத்தில் மட்டும் ஷட்டரைத் திறக்கும் பாடிகள் உண்டு: கேனன் 7டி மார்க் 2, 80டி, நிக்கான் டி500, டி7500. 70டியில் கிடையாது. அதுவரை ரா கோப்பாக எடுத்து, ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் நாலைந்து படம் சேர்த்து அழுத்தி, வெளிச்சம் விழுந்ததைப் பொறுக்கிக்கொள்ளுங்கள். மண் தரையில் ஆட்டம் என்றால் தரையோரம் லென்ஸ் மாற்றாதீர்கள், புழுதி நேரே சென்சாரில் போய் உட்காரும்.

கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி: இணைய விளம்பரத்தில் ஒரு டி7200 பார்த்தேன். விற்பவர் ஐந்து ரோடு பக்கம் ஒரு டீக்கடையில் வைத்துக் காட்டுகிறேன் என்கிறார். போனதும் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: டீக்கடை பரவாயில்லை, பகலில் போங்கள். உங்கள் சொந்த மெமரி கார்டு, ஒரு சின்ன டார்ச், முடிந்தால் லேப்டாப் கொண்டு போங்கள். பார்ப்பதற்கு முன் அட்வான்ஸ் அனுப்பச் சொன்னால் அந்த விளம்பரத்தை அப்போதே மறந்துவிடுங்கள்.

பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் பாடியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். பில் இல்லையென்றால் எங்கிருந்து வந்த கேமரா என்று யாருக்கும் தெரியாது, விலையைக் குறைப்பதற்கு அல்ல, விலகுவதற்கான காரணம் அது. அடுத்து திருகுகள். தலையில் கீறல் விழுந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். கைப்பிடி ரப்பர் உப்பி, ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் நிறைய வியர்வை பார்த்த கேமரா. அது மட்டும் குறையென்றால் பிழைத்துப் போகிறது, ஒட்டிக்கொள்ளலாம்.

இப்போது ஷட்டர். 1/8000ல் வானத்தை நாலைந்து படம் எடுங்கள். ஓர் ஓரம் மட்டும் இருட்டாக இருந்தால், அல்லது படத்துக்குப் படம் வெளிச்சம் மாறினால், ஷட்டர் தளர்ந்துவிட்டது. பிறகு 1/1000ல் விரலை எடுக்காமல் முப்பது படம் தொடர்ந்து. சத்தம் ஒரே சீராக வர வேண்டும். தடுமாறி வந்தாலோ எர்ர் (பிழை) என்று திரையில் எழுதினாலோ வேண்டாம்.

சென்சாருக்கு எஃப்16, ஐஎஸ்ஓ 100, வெள்ளைச் சுவர். ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்து எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான கறும்புள்ளிகள் தூசி, சுத்தம் செய்தால் போகும். கூர்மையான கோடாகத் தெரிந்தால் கீறல், அதற்கு மருந்தில்லை.

விளையாட்டுக்கென்று வாங்குபவர் தவறவே கூடாத சோதனை ஒன்று உண்டு. சாலையோரம் பத்திரமான இடத்தில் நின்று, எதிரே வரும் ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டில் நடுப்புள்ளியை வைத்து, ஏஎஃப்-சியில் (நிக்கானின் தொடர் ஃபோகஸ்), 30 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரும்வரை அழுத்துங்கள். லேப்டாப்பில் போட்டு ஒவ்வொரு படமாக எண்களைப் படியுங்கள். ஆங்காங்கே ஒன்றிரண்டு கலங்குவது இயல்பு. எல்லாவற்றிலும் பிளேட் கலங்கி ஓட்டுபவரின் சட்டைப் பொத்தான் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் பின்னால் போகிறது. அது பாடியாலா லென்ஸாலா என்பதை இன்னொரு லென்ஸ் மாட்டித்தான் சொல்ல முடியும்.

லென்ஸைக் கழற்றி டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்னால் சாய்த்துப் பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளைவிட்டுத் தெரிந்தால் பூஞ்சை. ஜூம் லென்ஸ் என்றால் இன்னொன்றும் செய்யுங்கள்: எஃப்8ல் வைத்து, ஜூமை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை திருப்பிக்கொண்டே பத்துப் படம் எடுங்கள். உள்ளே அப்பர்ச்சருக்கு, அதாவது விரிந்து சுருங்கும் திறப்புக்கு, போகும் ஃப்ளெக்ஸ் கேபிள் விரிசல் விட்டிருந்தால் குறிப்பிட்ட ஒரு இடத்தில் மட்டும் கேமரா எர்ர் காட்டும். விற்பவர் அகலக் கோணத்தில் இரண்டு படம் எடுத்துக் காட்டி “பாருங்க தம்பி, அருமையா இருக்கு” என்று சொல்லும்போது இது வெளியே வராது.

ஷட்டர் கவுண்ட்டை, அதாவது ஷட்டர் இதுவரை ஓடிய எண்ணிக்கையை, வாய்ச்சொல்லாக நம்ப வேண்டாம். நிக்கானில் அந்த எண் ஒவ்வொரு படக் கோப்பிலும் பதிவாகிறது, திருத்தாத ஒரு ஜேபெக் போதும், படித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் அந்த விவரம் அழிந்திருக்கும், ஆகவே உங்கள் கார்டில் எடுத்த படத்தையே பாருங்கள். கேனனில் பெரும்பாலான மாடல்களில் கோப்பில் இருக்காது, கேபிளில் கணினியோடு இணைத்துத்தான் படிக்க வேண்டும். கோப்பின் பெயரில் வரும் எண்ணைக் காட்டி “மூவாயிரம்தான் ஓடியிருக்கு” என்பார்கள். அது 9999 தாண்டினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் எண்.

பாட்டரிக்கு மெனுவிலேயே சான்றிதழ் உண்டு. நிக்கானில் பாட்டரி ஏஜ் 0 என்றால் புதுசு, 4 என்றால் மாற்ற வேண்டியது.

பெயர் வேண்டாம், மேட்டூர்: 1,20,000 ஓடிய 7டி மலிவாக வருகிறது. ஷட்டர் ஆயுள் 1,50,000 என்கிறார்களே?

பதில்: அது தயாரிப்பாளர் சோதித்த எண், காலாவதித் தேதி அல்ல. பலவும் தாண்டி ஓடும், சிலது முன்பே நிற்கும். ஒரு நாள் போட்டியில் 1,500 படம் எடுத்தால் மிச்சம் 30,000 என்பது இருபது போட்டி நாள். அந்தக் கணக்குக்கு ஏற்ற விலை என்றால் வாங்குங்கள். ஷட்டர் மாற்றும் செலவு கேமராவின் விலையையே தொட்டுவிடலாம் என்பதால், போனால் போனதுதான் என்ற மனநிலையோடு. பத்து வருடம் பீரோவில் தூங்கி 4,000 மட்டும் ஓடிய கேமராவையும் அதே சந்தேகத்தோடு பாருங்கள், ரப்பரும் எண்ணெயும் சும்மா கிடந்தாலும் கெடும்.

எஸ்டேட் ஊழியர், ஏற்காடு: வாங்கிய 70-300 லென்ஸில் மழைக்காலம் முடிந்ததும் உள்ளே நூல் நூலாகப் படிந்துவிட்டது. அரிசி டப்பாவில் போட்டு வைத்தேன், போகவில்லை.

பதில்: அரிசி சோற்றுக்குத்தான். அதன் மாவுத்தூள் லென்ஸுக்குள் போவதுதான் மிச்சம். 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனி ஜன்னல் வழியாக அறைக்குள்ளேயே வரும் ஊர் உங்களுடையது. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை பிடிக்கும். கேமராப் பையில் வைப்பது இன்னும் மோசம், பையின் ஸ்பாஞ்ச் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

ரப்பர் வளையத்தோடு இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி, இவ்வளவுதான் தேவை. உள்ளே 40 முதல் 50 வரை காட்ட வேண்டும். 30க்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் மசகும் ரப்பரும் காயும். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள், ஈரம் குடித்ததும் பச்சையாகும். இதற்கென்றே ஒதுக்கிய பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சாகும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் இருக்கிறது, சமையலறைப் பக்கமே அது வேண்டாம்.

இப்போது பிடித்திருப்பதை என்ன செய்வது? முன்கண்ணாடி ஓரத்தில் இரண்டு நூல் என்றால் படத்தில் தெரியாது, விட்டுவிடலாம். பின்கண்ணாடியில் என்றால் எதிர்வெளிச்சத்தில் படம் பால் கலந்ததுபோல் வெளிறும். துடைத்தாலும் கோட்டிங்கை அது தின்ற தடம் இருக்கும். விலை குறைந்த ஜூமைப் பிரித்துச் சுத்தம் செய்யும் கூலிக்கு வேறு லென்ஸ் வாங்கிவிடலாம்.

மலையிலிருந்து விடிகாலையில் கிளம்பி இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்தில் போட்டி எடுக்கிறவர்களுக்கு: வந்ததும் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் கீழ்நாட்டுச் சூடான காற்று பட்டதும் வேர்க்கும். அரை மணி நேரம் மூடியே வையுங்கள்.

பட்டறைத் தொழிலாளி, சூரமங்கலம்: சோனி ஏ6000 நொடிக்கு 11 படமாமே? அதையே வாங்கிவிடவா?

பதில்: 11 உண்மை. 2014இல் அந்த விலையில் அது ஆச்சரியம், பகலில் மகன் ஓடும் பந்தயத்துக்கு இன்றும் போதும். லென்ஸ்தான் இடறும். அதற்குரிய மலிவான நீள லென்ஸ் 55-210, முனையில் எஃப்6.3. மாலை ஐந்து மணிக்கே திணறும். அடுத்த படி ஏற நினைத்தால் பழைய கேனன், நிக்கான் லென்ஸ் விலைக்குப் பக்கத்தில்கூட எதுவும் வராது. பாட்டரியும் சின்னது, மூன்று பாட்டரியாவது வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்து மிரர்லெஸ் (ஏ6000 போல் உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) எதை வாங்கினாலும் விளையாட்டுக்கு எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான பாடிகளில் சென்சார் வரிவரியாகப் படிப்பதால் வீசும் மட்டை வாழைப்பழம்போல் வளையும்.

கிளப் கிரிக்கெட் ஸ்கோரர், வாழப்பாடி: 80டி, 55-250 வைத்திருக்கிறேன். எல்லைக் கோட்டிலிருந்து பேட்ஸ்மேன் சின்னதாகத் தெரிகிறார். டெலிகன்வெர்ட்டர் போடலாமா?

பதில்: டெலிகன்வெர்ட்டர் என்பது படத்தைப் பெரிதாக்க லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டுவது. கேனன் அதை எக்ஸ்டெண்டர் என்கிறது, அது அந்த லென்ஸில் மாட்டவே மாட்டாது. 65 மீட்டரில் 250 காட்டும் சட்டத்தின் உயரம் 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, பேட்ஸ்மேன் அதில் ஏறக்குறைய பாதி. 24 மெகாபிக்சலில் பாதியை வெட்டி எறிந்தாலும் பத்திரிகைக்குத் தாங்கும். அதற்கும் மேல் வேண்டுமென்றால் பழைய 400 எஃப்5.6 எல் தேடுங்கள். ஐஎஸ் கிடையாது, மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) வேண்டும். 1/1600ல் பந்து மட்டையில் படுவதற்கு ஒரு கணம் முன்னே அழுத்தப் பழகுங்கள். பந்து பட்ட சத்தம் கேட்டு அழுத்தினால் பிந்திவிட்டீர்கள்.

இளம் வாசகர், எடப்பாடி: பழைய 7டி வாங்கினேன். கார்டு பாதி உள்ளே போய் நின்றுவிடுகிறது. அழுத்தித் தள்ளலாமா?

பதில்: தொடாதீர்கள். அது சிஎஃப் (காம்பாக்ட் ஃப்ளாஷ்) கார்டு, கேமராவின் ஸ்லாட்டுக்கு உள்ளே 50 ஊசிகள் நிற்கின்றன. ஒன்று வளைந்திருந்து நீங்கள் தள்ளினால் பக்கத்து ஊசியில் சாய்ந்து கேமராவையே சாகடிக்கும். கார்டை எடுத்துவிட்டு டார்ச் அடித்து, ஊசி வரிசையில் எது சாய்ந்திருக்கிறது என்று பாருங்கள். முதலில் கார்டைத் திருப்பிப் பிடித்திருக்கிறீர்களா என்றும் பார்த்துவிடுங்கள், பாதிப் பேருக்கு அதுதான். ஊசி வளைந்தே இருந்தால் பாட்டரியைக் கழற்றிவிட்டு சர்வீஸ் கடைக்குக் கொண்டு போங்கள். நல்ல கை என்றால் மெல்லிய ஊசிமுனையால் நிமிர்த்திவிடுவார்கள், முறிந்திருந்தால் ஸ்லாட் மாற்ற வேண்டும். விற்றவரிடம் திருப்பிக் கொடுக்க நாள் இருந்தால் இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.